வீடு, கடை, தோப்பு மூன்றுக்கும் கேமரா: எட்டு போட வேண்டுமா, நாலைந்து போதுமா?

தோப்புக்காரன் (பொள்ளாச்சி)

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சி பக்கம் கிராமத்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே அப்பாவின் உரக்கடை. பின்னால் தென்னந்தோப்பு. மோட்டார் ரூம் வீட்டிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி இருக்கிறது. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஊரில் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் கேபிளை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே இருக்கும் காப்பருக்காகத்தான். அங்கே ஒரு வீட்டில் கேமரா இருந்ததால் போலீஸ் வந்து பதிவைப் பார்த்தார்கள். இரண்டு பேர் நடந்து போவது தெரிகிறது. ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. யார் என்று சொல்ல முடியவில்லை. அதிலிருந்து அப்பாவுக்குச் சரியான தூக்கம் இல்லை.

உள்ளூரில் ஒருவர் கொடுத்த கொட்டேஷன் இது: 2 மெகாபிக்சல் கேமரா எட்டு, எட்டு சேனல் டிவிஆர் (பதிவுப் பெட்டி), 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். வீட்டைச் சுற்றி ஒரு மூலை விடாமல் தெரியும் என்கிறார். கேட் போர்டிகோவிலிருந்து 12 மீட்டர். கடை ஷட்டர் நேராகச் சாலையைப் பார்க்கும்.

இதை ஒத்துக்கொள்ளலாமா? ஐபி கேமரா, எச்டி கேமரா என்று இரண்டு விதம் சொல்கிறார்கள். எது எங்களுக்குச் சரி? மோட்டார் ரூம் வரைக்கும் வயர் இழுக்கலாமா?

---

சிறுவாணி (கோவை)

கோவையில் இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எட்டு என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு பேப்பரில் வீட்டின் படம் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். "ஆள் வந்தாரா" என்று தெரிந்தால் போதுமா, "வந்தது நமக்குத் தெரிந்த ஆளா" என்று தெரிய வேண்டுமா, இல்லை முன்பின் பார்க்காத ஒருவர் முகத்தைப் போலீஸிடம் காட்டும் அளவுக்கு வேண்டுமா? மூன்றும் வேறு வேறு வேலை. மூன்றுக்கும் ஒரே கேமரா போடுவதால்தான் பல இடங்களில் முகம் தெரியாமல் போகிறது.

இதற்குச் சர்வதேசத் தரத்திலிருந்து வந்த கணக்கு இருக்கிறது. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான் அளவு. ஆள் நடமாட்டம் தெரிய 25. தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்ல 125. தெரியாத ஆளை அடையாளம் காட்ட 250.

2 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் 1920 பிக்சல். 250 வேண்டுமானால் காட்சி 7.7 மீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. கொட்டேஷனில் லென்ஸ் அளவு எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் 2.8 எம்எம் தான் கொடுப்பார்கள். அது நூறு டிகிரிக்கு மேல் விரிந்து பார்க்கும். பார்க்க நன்றாக இருக்கும், வாடிக்கையாளருக்கும் "எல்லாம் தெரியுது" என்று திருப்தி. ஆனால் அந்த லென்ஸில் 3 மீட்டர் தூரத்திலேயே காட்சி 7.7 மீட்டர் அகலத்தைத் தொட்டுவிடும். உங்கள் கேட் 12 மீட்டர். அங்கே காட்சியின் அகலம் 31 மீட்டர், ஒரு மீட்டருக்கு 62 பிக்சல்தான் கிடைக்கும். சட்டை நிறம் சொல்லலாம், முகம் சொல்ல முடியாது.

அதே இடத்தில் 6 எம்எம் லென்ஸ் போட்டால் 160 பிக்சல் வரும். 4 மெகாபிக்சல், 8 எம்எம் என்றால் 250-ஐத் தாண்டிவிடும். அகலம் குறையும், கேட் மட்டும்தான் தெரியும். கேட்டில் நமக்கு வேண்டியதும் அதுதானே.

உயரமும் முக்கியம். மாடி விளிம்பில் மாட்டினால் தொப்பியும் தலைமுடியும்தான் பதிவாகும். முகம் வேண்டிய கேமராவை இரண்டரை மீட்டரில், அதிகம் போனால் மூன்றில் வையுங்கள். கைக்கு எட்டும் என்று பயந்தால், அந்தக் கேமராவைப் பார்த்தபடி இன்னொன்று போடலாம்.

---

வைகைக்கரை (மதுரை)

அவ்வளவு செலவு எதற்கு? நான் வைஃபை கேமரா இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். சுற்றித் திரும்பிப் பார்க்கும், பேசவும் பேசலாம், மெமரி கார்டு உள்ளேயே போட்டுக்கொள்ளலாம். ஒன்று 2,500 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. துளை போடவில்லை, வயர் இழுக்கவில்லை. அம்மா மாத்திரை போட்டாரா என்று ஆபீஸிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

---

ஈத்தர்நெட் (சென்னை)

வைகைக்கரை, வாடகை வீட்டுக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளவும் நீங்கள் செய்தது நல்ல வழி. நானும் பலருக்கு அதையே சொல்லியிருக்கிறேன்.

தோப்புக்காரன் கேட்பது வேறு. வைஃபை கேமராவை அதன் கார்டோடு சேர்த்தே கழற்றிக்கொண்டு போய்விடலாம், பதிவும் அதோடு போகும். திருடன் மெயின் ஸ்விட்சை அணைத்தாலோ, மழையில் இணைய இணைப்பு போனாலோ மொபைலுக்குத் தகவல் வராது. சுற்றித் திரும்பும் கேமராவில் இன்னொரு சங்கடம்: சம்பவம் நடக்கும் நேரத்தில் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் ஓடும். இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினாலே தடுமாறும்.

கார்டு போடுகிறவர்கள் 'ஹை எண்ட்யூரன்ஸ்' என்று எழுதிய கார்டையே வாங்குங்கள். சாதாரண மொபைல் கார்டு இரவு பகலாக எழுதித் தேய்ந்து, பதிவு நின்றதே தெரியாமல் கிடக்கும்.

---

தோப்புக்காரன்

சிறுவாணி அண்ணா, ரொம்ப நன்றி. கொட்டேஷனில் லென்ஸ் அளவே இல்லை. கேட்டேன், "எல்லாம் ஸ்டாண்டர்டு 2.8" என்றார்.

எச்டி வாங்கட்டுமா, ஐபி வாங்கட்டுமா? அவர் 3+1 கேபிள் போடுவதாகச் சொல்கிறார்.

---

சிறுவாணி

3+1 என்பது எச்டி கேமராவுக்கான கேபிள். ஒரு கோஆக்சியல், கூடவே கரண்டுக்கு மூன்று மெல்லிய வயர். கேமரா அனுப்பும் படம் பிஎன்சி கனெக்டர் வழியாக டிவிஆருக்குப் போகும், டிவிஆர்தான் அதைச் சுருக்கிப் பதிவு செய்யும். ஐபி கேமராவில் அந்த வேலையைக் கேமராவே செய்து, கேட் 6 கேபிளில் டேட்டாவாக அனுப்பும். பிஓஇ ஸ்விட்ச் வைத்தால் கரண்டும் அதே கேபிளில் போய்விடும். பதிவுப் பெட்டிக்குப் பெயர் என்விஆர்.

பழைய கோஆக்சியல் வயரிங் நன்றாக இருக்கிற வீட்டில் எச்டியே போடுங்கள் என்பேன். வயரைப் பிடுங்கிவிட்டு ஐபி போடச் சொல்வது வீண் செலவு. உங்களுடையது புதிதாகச் செய்யும் வேலை. கையில் காசு கொஞ்சம் கூட இருந்தால் ஐபி, பிஓஇ. பின்னால் ஒரு கேமரா சேர்ப்பதும் சுலபம். ஓன்விஃப் ஆதரவு உள்ள மாடலாக வாங்கினால் ஒரே பிராண்டில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஆக்சிஸ், போஷ், சோனி மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய பொதுத் தரம் அது.

எதைப் போட்டாலும் கேபிள் சுத்தக் காப்பரா என்று பாருங்கள். அலுமினியக் கம்பி மேல் காப்பர் பூசியதை சிசிஏ என்பார்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கொட்டேஷனில் விலை குறைகிறது என்றால் பெரும்பாலும் கேபிளில்தான் குறைத்திருப்பார்கள்.

உரக்கடை என்றதால் ஒன்று: யூரியா மாதிரி உரங்கள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், உலோகத்தை அரிக்கும். கடைக்குள் இருக்கும் இணைப்புகளை வெறுமனே தொங்க விடாதீர்கள். மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் போகட்டும்.

---

கவிதா (ராஜபாளையம்)

கேபிள் பேச்சு வந்ததால் என் பிரச்சினையையும் இங்கேயே கேட்கிறேன். எங்கள் குடோனில் நான்கு எச்டி கேமரா. மூன்று நன்றாக ஓடுகிறது. கடைசியில் இருப்பது பகல் முழுக்கத் தெளிவாக இருக்கிறது. சாயங்காலம் இருட்டியதும் படம் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. காலையில் தானாகச் சரியாகிவிடும். கேமராவை மாற்றிப் பார்த்தாயிற்று, புதியதும் அதையே செய்கிறது. போட்டுக்கொடுத்தவர் டிவிஆர் போய்விட்டது, மாற்றணும் என்கிறார்.

---

சிறுவாணி

டிவிஆரை மாற்றாதீர்கள் மேடம். அந்தக் கேமராவுக்குப் போகும் வயர் எவ்வளவு நீளம்?

---

கவிதா

மேலே சுற்றிக்கொண்டு போகிறது, 60 மீட்டர் இருக்கும். 3+1 தான். கரண்டு ஆபீஸ் ரூமில் இருக்கும் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையிலிருந்து.

---

சிறுவாணி

அப்படியானால் கேமராவுக்கு வோல்டேஜ் போதவில்லை. இருட்டியதும் உள்ளே இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும், கேமரா இழுக்கும் கரண்டு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பகலில் 0.2 ஆம்பியர், இரவில் 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3+1-ல் இருக்கும் பவர் வயர் 0.2 சதுர மில்லிமீட்டர் காப்பர் என்றால் 60 மீட்டருக்குப் போக வர 120 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் பத்து ஓம் அளவுக்கு வரும். பகலில் வழியில் 2 வோல்ட் இழப்பு, கேமராவுக்கு 10 கிடைக்கும், ஓடும். இரவில் 4 வோல்ட் இழப்பு, 8 தான் கிடைக்கும். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் 9 வோல்ட்டுக்குக் கீழே நிற்காது. அணைந்து எழும், ஐஆர் எரியும், மறுபடி அணையும். வயர் சிசிஏ என்றால் இழப்பு இன்னும் கூடும்.

இருட்டியதும் கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கேமரா இணைப்பில் இருக்கும்போதே அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் 12 தான் காட்டும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேமரா பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருந்தால் தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் போடுங்கள், முடிந்தது. இல்லையென்றால் கனமான இரண்டு கோர் வயரைப் பவருக்கு மட்டும் தனியாக இழுங்கள்.

---

கவிதா

எலக்ட்ரீஷியனை வரவழைத்து அளந்தேன். இரவு 8.3 காட்டியது, சில நேரம் அதற்கும் கீழே போனது. குடோன் கடைசியில் ட்யூப்லைட் பாயிண்ட் இருந்ததால் அங்கிருந்தே அடாப்டர் கொடுத்துவிட்டோம். இரண்டு இரவாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. புது டிவிஆர் செலவு மிச்சம். உங்களுக்கு என் குடும்பமே நன்றி சொல்கிறது சார்.

---

உப்பனாறு (கடலூர்)

தோப்புக்காரன், மோட்டார் ரூமுக்கு வயர் இழுப்பதற்கு முன் இடியை யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் எங்கள் பக்கம் இடி விழுந்து டிவிஆர், ரூட்டர், டிவி எல்லாம் சேர்ந்து போவது வருடா வருடம் நடக்கும். உங்கள் ஊரில் சித்திரையில் கோடை மழையோடு வரும் இடியும் லேசானதில்லை. நேராக விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே திறந்த வெளியில் ஓடும் நீளமான காப்பர் வயரில் சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) வந்துவிடும், அது அப்படியே வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்குப் போகும்.

என் யோசனை: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் கரண்டு ஓடாது. இரண்டு பக்கமும் ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் போதும்.

---

ஈத்தர்நெட்

ஃபைபரில் கரண்டு ஓடாது என்பதுதான் இங்கே இடைஞ்சலும். மோட்டார் ரூமில் கேமராவுக்கும் கன்வெர்ட்டருக்கும் அங்கேயே கரண்டு வேண்டும். தோட்டத்து லைனில் அது 24 மணி நேரமும் இருக்கிறதா? திருடன் வருவது கரண்டு இல்லாத நேரத்தில்தான்.

---

தோப்புக்காரன்

இல்லை. த்ரீ ஃபேஸ் குறிப்பிட்ட நேரம்தான் வரும். மற்ற நேரத்தில் அங்கே எதையும் நம்ப முடியாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி.

---

சிறுவாணி

அப்படியென்றால் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். தோப்பு வீடுகளில் நான் செய்து கொடுப்பது இதுதான்.

மோட்டார் ரூம் கேமராவுக்கு வெளிப்புறத்துக்கான, ஜெல் அடைத்த கேட் 6 கேபிள். பிவிசி பைப்புக்குள் விட்டு மண்ணில் புதைக்க வேண்டும். மேலே மரத்துக்கு மரம் கட்டி இழுக்க வேண்டாம், மட்டை விழுந்து அறுக்கும். பிஓஇ 100 மீட்டர் வரை போகும், உங்கள் 60 மீட்டர் வளைந்து நெளிந்து 75 ஆனாலும் பிரச்சினை இல்லை. இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் வைத்து எர்த் கொடுக்க வேண்டும். எர்த் இல்லாத சர்ஜ் புரொடெக்டர் இருந்தும் பயனில்லை.

முக்கியமானது அடுத்தது. அந்தக் கேபிளை வீட்டில் மற்ற கேமராக்கள் சேரும் பெரிய பிஓஇ ஸ்விட்சில் செருகாதீர்கள். தனியாக ஒரு சின்ன பிஓஇ ஸ்விட்ச் வையுங்கள். சின்ன ஸ்விட்சுக்கும் பெரிய ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு மீட்டர் ஃபைபர், இரண்டு மீடியா கன்வெர்ட்டர். உப்பனாறு சொன்ன சர்ஜ் அந்தக் கேபிளில் வந்தால் சின்ன ஸ்விட்ச் போகலாம். என்விஆருக்கும் மற்ற கேமராக்களுக்கும் அது தாண்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கரண்டும் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தே போகும்.

கேமராவைத் தென்னையில் கட்ட வேண்டாம். காற்றில் ஆடும், படமும் ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மொபைலில் அலாரம் அடிக்கும். ஒரு ஜிஐ பைப் நட்டு அதில் மாட்டுங்கள். மனிதன், வண்டி என்று பிரித்தறியும் வசதி உள்ள மாடலாக எடுங்கள். வெறும் அசைவை வைத்து அலாரம் தருவது தோப்பில் ஒரு வாரத்தில் சலித்துவிடும், அப்பா அந்த அலாரத்தையே அணைத்துவிடுவார்.

இன்வெர்ட்டர் கணக்கு: ஐந்து கேமரா 30 வாட், என்விஆர் 15, ஃபைபர் மோடம் 10. எல்லாம் சேர்த்து 55 வாட், ஒரு ஃபேனுக்கு ஆகும் கரண்டை விடக் குறைவு. இரவு முழுக்கத் தாங்கும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வையுங்கள். இல்லையென்றால் கரண்டு மாறும் அந்தக் கணத்தில் எல்லாம் ரீஸ்டார்ட் ஆகி, எழுந்து வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும்.

---

பொருநை வக்கீல் (திருநெல்வேலி)

எல்லோரும் கேமராவைப் பேசுகிறீர்கள், பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லையே. கோர்ட்டில் நான் அடிக்கடி பார்ப்பது, கேமரா இருந்தது, பதிவு அழிந்துவிட்டது என்ற கதையைத்தான்.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் சிசிடிவி பற்றி எழுதினார். ஹார்டு டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. கேமரா இருந்தது, இடமும் இருந்தது, பதிவு இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அந்த வசதி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று சொன்னது.

வீட்டுக்கு 18 மாதம் தேவையில்லை. ஆனால் உங்கள் பெட்டியில் இன்று எத்தனை நாள் பழைய பதிவு கிடைக்கிறது என்று ஒவ்வொருவரும் இப்போதே போய்ப் பாருங்கள்.

---

ஈத்தர்நெட்

வக்கீல் சார் சொன்னதற்குக் கணக்கு இதோ. 2 மெகாபிக்சல் கேமரா, வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறையில் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. தோப்புக்காரனின் கொட்டேஷனில் எட்டு கேமரா, 1 டிபி. ஒரு நாளைக்கு 173 ஜிபி என்றால் ஆறு நாள்கூட வராது! டிவிஆர் பழைய எச்.264 முறையில் இருந்தால் ஏறக்குறைய அதிலும் பாதி. வெளியூர் போய் ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் போன அன்றைய பதிவு இருக்காது.

அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் நாள் கூடும். கேட் மாதிரி முக்கியமான இடத்தில் அதை நான் வைக்க மாட்டேன். மெல்ல நடந்து வருபவரின் முதல் சில விநாடிகள் தவறிப் போகலாம்.

டிஸ்க் கண்காணிப்புக்கென்றே வரும் ரகமாக இருக்கட்டும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் அப்படிப்பட்டவை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதைப் போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள், பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

நேரத்தையும் சரிபாருங்கள். நேர மண்டலம் இந்தியாவுக்கு வைக்கப்படாமல் இருந்தால் பதிவில் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். இணைய நேரத்தோடு தானாகச் சரிசெய்துகொள்ளும் என்டிபி வசதியை இயக்கிவிட்டால் வருடக்கணக்கில் கவலை இல்லை.

---

வைகைக்கரை

ஒரு சந்தேகம். மொபைலில் பார்க்கிற வசதி இருந்தால் வெளியாளும் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?

---

ஈத்தர்நெட்

உண்மைதான், ஆனால் தடுக்கலாம். 2016-ல் மிராய் என்ற மால்வேர் பரவியது. தொழிற்சாலையிலிருந்து வரும் அதே யூசர்நேம், பாஸ்வேர்டோடு இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடிப் பிடித்துத் தன் படையில் சேர்த்தது. அந்த அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்பட பெரிய தளங்கள் பல பேருக்குத் திறக்கவே இல்லை. தங்கள் கேமரா அதில் பங்கெடுத்தது பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து பெட்டிக்கு நேர் வழி திறப்பது) செய்யாதீர்கள், அந்த வழியைத் தானாகத் திறக்கும் யுபிஎன்பியை அணைத்துவிடுங்கள். கம்பெனி ஆப் மூலம் பார்க்கலாம், அல்லது விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வைத்துக்கொள்ளலாம். ஃபர்ம்வேரை, அதாவது கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள். சட்டமும் இப்போது இறுகியிருக்கிறது. மத்திய மின்னணு அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பின்படி, 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் சைபர் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். வாங்கும் மாடலுக்கு எஸ்டிக்யூசி (அந்த அமைச்சகத்தின் சோதனை அமைப்பு) சான்று இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் விட நம் ஊரில் அதிகம் நடப்பது ஒன்று உண்டு. மாட்டுகிறவர் தன் மொபைல் நம்பரில், தன் ஆப் கணக்கில் டிவிஆரைச் சேர்த்துவிட்டு, உங்களுக்கு "ஷேர்" செய்து கொடுப்பார். பெட்டியின் உரிமையாளர் அவர், நீங்கள் விருந்தாளி. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நாளை அவர் தொழிலை விட்டுப் போனாலும், மொபைலைத் தொலைத்தாலும் உங்கள் வீட்டின் சாவி எங்கேயோ கிடக்கும். வேலை முடிகிற அன்றே உங்கள் நம்பரில் கணக்கு, நீங்களே டைப் செய்த அட்மின் பாஸ்வேர்டு. மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி உள்ள தனி யூசர்.

---

செண்பகம் (திருச்சி)

கேமராவின் மறுபக்கத்தில் இருக்கிறவளாக நான் பேசுகிறேன். எங்கள் பின்வீட்டுக்காரர் மாடியில் மாட்டிய கேமரா எங்கள் கொல்லைப்புறத்தை முழுக்கப் பார்க்கிறது. துணி துவைப்பது, காயப்போடுவது எல்லாம் அங்கேதான். சொன்னால் "பாதுகாப்புக்குத்தான்மா" என்கிறார். யாருடைய பாதுகாப்புக்கு? நாங்கள் அந்தப் பக்கம் போகவே கூச்சப்படுகிறோம்.

கேமரா போடப் போகிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கேமராவில் அடுத்த வீட்டு ஜன்னலும் கிணற்றடியும் விழுந்தால் தயவுசெய்து திருப்பி மாட்டுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

---

சிறுவாணி

அக்கா, உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. கேமராவைத் திருப்ப முடியாத இடமாக இருந்தாலும் எல்லாப் பெட்டியிலும் 'பிரைவசி மாஸ்க்' என்று ஒரு செட்டிங் உண்டு. அந்தப் பகுதி மட்டும் கறுப்புக் கட்டமாக மறைந்துவிடும், பதிவிலும் விழாது. இரண்டு நிமிட வேலை. பின்வீட்டுக்காரரிடம் உங்கள் மொபைலில் நான் எழுதியதைக் காட்டி, அவர் திரையில் கட்டம் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

---

பொருநை வக்கீல்

செண்பகம் அம்மா, முதலில் பேசிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள், பிறகு காவல் நிலையம். குளியல், உடை மாற்றுதல் போன்ற அந்தரங்க நிலையில் ஒரு பெண்ணைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் குற்றம். கொல்லைப்புறம் அந்தப் பிரிவுக்குள் வருமா என்பது அங்கே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. எதற்கும் அந்தக் கேமரா எந்தத் திசையில் இருக்கிறது என்று தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

தோப்புக்காரனுக்கு: சம்பவம் நடந்தால் உடனே அந்த நேரத்துப் பதிவைத் தனியே எடுங்கள். மேலே புதியது எழுதிவிட்டால் மீட்பது கடினம். திரையை மொபைலில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஆளைத் தேட உதவும், கோர்ட்டில் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி, பிரதியாகக் கொடுக்கும் மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வேண்டும். பதிவைக் கொடுப்பவர் ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி நிரப்ப வேண்டும். ஃபைல் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் அதில் எழுதப்படும். போலீஸ் பெட்டியையே எடுத்துப் போனால் என்ன எடுத்தார்கள், சீரியல் நம்பர் என்ன என்று எழுதி ரசீது வாங்குங்கள்.

---

தோப்புக்காரன்

அப்பாவோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டேன். ஐந்து கேமரா, எல்லாம் ஐபி.

கேட்: 4 மெகாபிக்சல், 8 எம்எம். கடை கல்லா: 4 மெகாபிக்சல், 2.8 எம்எம், இரண்டரை மீட்டர் தூரத்தில் கவுண்டரைப் பார்த்து. ஷட்டர் வெளிப்பக்கம், பக்கச் சந்து, மோட்டார் ரூம் மூன்றும் 2 மெகாபிக்சல். 4 டிபி டிஸ்க். ஈத்தர்நெட் சொன்ன கணக்கில், 4 மெகாபிக்சலுக்கு வேகத்தை இரட்டிப்பாக வைத்துப் பார்த்தால் 26 நாள் வருகிறது. வீட்டுக்குள் ஹாலில் ஒன்று போடலாம் என்றேன், அம்மா வேண்டாம் என்றார். அவர் சொன்னதுதான் முடிவு.

இரண்டு கேள்வி மீதம். கடைக்குள்ளிருந்து வெளியே பார்க்கும்போது வாசல் வெளிச்சத்தில் ஆள் கறுப்பாகத் தெரியுமே, என்ன செய்வது? அப்புறம், ராத்திரி முகம் வெள்ளையாவதற்குக் காரணம் என்ன?

---

சிறுவாணி

நல்ல திட்டம் தம்பி.

கடைக்குள் போடும் கேமராவுக்கு டபிள்யூடிஆர் (வெளிச்சமும் நிழலும் சேர்ந்த காட்சியைச் சமன்செய்யும் வசதி) 120 டெசிபல் (dB) என்று விவரத்தில் எழுதியிருக்க வேண்டும். 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்று மட்டும் இருந்தால் வேண்டாம், அது படத்தை வெளிறச் செய்யுமே தவிர முகத்தைக் கொண்டுவராது.

முகம் வெள்ளையாவது ஐஆர் வெளிச்சத்தால். தூரத்துக்கு ஏற்ற பவரில் ஐஆர் எரியும்போது ஒருவர் பக்கத்தில் வந்தால் முகம் வெளிறிப்போகும். ஆள் நெருங்கும்போது தானே குறைத்துக்கொள்ளும் 'ஸ்மார்ட் ஐஆர்' இருக்கிறதா பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்துச் சுவரோ சன்ஷேடோ படத்தின் ஓரத்தில் விழுந்தாலும் ஐஆர் அதில் பட்டுத் திரும்பிப் படத்தைக் கெடுக்கும். கேட்டில் ஒரு சாதாரண எல்இடி பல்பை இரவு முழுக்க எரிய விடுங்கள். 9 வாட் பல்பு செய்யும் உதவியை எந்தக் கேமராவும் செய்யாது. வெளிச்சம் இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/100-க்குக் கூட்டலாம், நடப்பவர் முகம் இழுபடாது.

ஐஆர் விளக்கின் கதகதப்புக்கும் பல்பு வெளிச்சத்துக்கும் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஒட்டடைக் கம்பில் துணி சுற்றி வாரம் ஒரு தடவை அப்பாவைத் துடைக்கச் சொல்லுங்கள். ஒரு வலை இழை லென்ஸ் முன்னால் ஆடினால் இரவுப் படம் முழுக்கப் பனிமூட்டம்தான்.

மாட்டி முடித்த அன்று இரவு எட்டு மணிக்கு அப்பாவை கேட் பக்கம் நிற்கச் சொல்லிப் பத்து விநாடி பதிவைப் பென்டிரைவில் எடுத்துப் பாருங்கள். மொபைல் திரையில் வேண்டாம், கம்ப்யூட்டரில் பாருங்கள். கண், மூக்கு, மீசை பிரிந்து தெரிந்தால் லென்ஸ் சரி. தெரியவில்லை என்றால் மாட்டியவரை மறுநாள் வரச் சொல்லுங்கள். பாக்கிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள்.